ஒரு நிமிடச் சட்டை

பதினாறு, பதினேழு, பதினெட்டு. காலை ஆறு பத்துப் பேருந்தில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்குகிற மனிதர் நிமிடத்துக்குப் பதினெட்டு முறை மூச்சு விடுகிறார். நல்ல மூச்சு. அவருக்கு மனசுக்குள் ஒரு 'சரி' போட்டுவிட்டு அவள் பார்வையை முன் இருக்கைக்கு நகர்த்துகிறாள். அங்கே இருக்கும் பெண்ணுக்கு இருபத்தாறு. ஓடி வந்து ஏறியிருப்பாள். இரண்டு நிறுத்தம் தாண்டட்டும், மறுபடி பார்க்கலாம். டிரைவரை மட்டும் எண்ண முடிவதில்லை. தொளதொளச் சட்டை. அதற்குள் மூச்சு ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

மடியில் துணிப்பை. அதில் சாப்பாட்டு டப்பா, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், நாற்பது வரிகள் உள்ள ஒரு பச்சை அட்டைப் புத்தகம். நீலச் சட்டையின் இடது மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். பார்க்கிறவர்களுக்குத் தலைகீழ், குனிந்து பார்க்கும் அவளுக்கு நேர். கையில் கட்டினால் கழுவும்போதெல்லாம் கழற்ற வேண்டும் என்று அந்தக் காலத்தில் பழகிய பழக்கம். வார்டில் வேறு யாரும் இப்போது அப்படிக் குத்துவதில்லை. "மெடல் வாங்கினீங்களாக்கா?" என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். "ஆமா, உங்க சேட்டையெல்லாம் பொறுத்துக்கிட்டதுக்கு," என்பாள்.

அங்கே அவளுக்குப் பெயர் புது சிஸ்டர். வயது நாற்பத்தேழு. காதோரம் நரைத்துவிட்டது. கூட வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். ஆனாலும் கடைசியாக வந்து சேர்ந்தவள் அவள்தானே, பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் ஒரு நோயாளி ஏற இறங்கப் பார்த்து, "இவங்களா புது சிஸ்டர்?" என்று சந்தேகப்பட்டார். "புதுசுதாங்கய்யா. பழைய பேப்பர்ல சுத்தி வந்திருக்கேன், அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டாள். அவள் நாடி பார்த்தது அவருக்கே தெரியாது. கை குலுக்கினால்கூட அவள் விரல் நேராக மணிக்கட்டுக்குத்தான் போகும். அவள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எத்தனையோ பேருடைய இதயத் துடிப்பு அவளுக்கு அத்துப்படி.

பதினெட்டு வருடத்துக்கு முன் இந்த வேலையை விட்டவள். விட்டவள் என்று சொன்னால் கோபம் வரும். "விடல. ஒரு வருஷம் லீவு சொல்லிட்டுப் போனேன். அந்த ஒரு வருஷம் முடியக் கொஞ்சம் நேரமாயிடுச்சு." மகள் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து பிறந்தாள். அது தேறிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவும், மாமனார் குளியலறையில் வழுக்கி விழவும் சரியாக இருந்தது. விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு வருடம் படுக்கை. குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டி, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்து, அத்தனையும் அவள் ஒருத்தி கை.

"பதினோரு வருஷம். உடம்புல ஒரு புண்ணு? ஒரு சிவப்பு? யாரை வேணா கேளுங்க."

இதைச் சொல்லும்போது அவள் தோள் ஒரு விரல் உயர்ந்துவிடும். உயரட்டுமே. படித்துப் பட்டம் வாங்கினவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதை யாரும் தலைக்கனம் என்பதில்லை. கையால் உழைத்தவள் தன் உழைப்பைத் தானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. புண் வராத அந்த முதுகுதான் அவளுடைய பட்டம்.

மாமனார் போய் ஒரு வருடம் கழித்து, மகளும் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தபின், ஒரு நாள் காலை பத்து மணிக்குத் துடைத்த அலமாரியையே இரண்டாம் தரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அலமாரித் தட்டில் விரிக்க எடுத்த பழைய செய்தித்தாளில் அந்த அறிவிப்பு இருந்தது. நர்ஸ் வேலையை இடையில் நிறுத்தியவர்கள் மூன்று மாத மறுபயிற்சி முடித்துத் திரும்பலாம். வயது நாற்பத்தேழுக்கு மேல் போகக்கூடாது. அவளுக்கு அந்த மாதம்தான் நாற்பத்தேழு பிறந்திருந்தது. தாளைத் தட்டில் விரிக்கவில்லை.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெடுநேரம் கை துடைத்தார். "போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லல. என் சாக்ஸ் எங்க இருக்கு, சீப்பு எங்க இருக்குன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டுப் போ."

சமையலறை மேசையில் தடித்தடிப் புத்தகங்கள் ஏறின. மகள் கேள்வி கேட்பாள், அம்மா பதில் சொல்வாள். மருந்துக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருத்தர் சம்பளத்தில் நாலு பேர் குடும்பம் நடத்தியவளுக்கு மில்லிகிராம் ஒரு பெரிய விஷயமா? ஊசி போடும் கை மறந்துவிட்டதோ என்றுதான் பயம். தினம் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வைத்துக் குத்திக் குத்திப் பழகினாள். "இந்த வீட்டுல பழத்தை உரிக்கறதுக்கு முன்னாடியே அது அழுவுது," என்று கணவர் சட்டையைத் துடைத்துக்கொள்வார்.

கை மறக்கவில்லை. மறக்காததுதான் சில நேரம் வினை. அவள் காலத்துத் தெர்மாமீட்டர் கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் உதறிப் பாதரசத்தை இறக்க வேண்டும். இப்போது இருப்பது பீப் என்று கத்துகிற பிளாஸ்டிக். இருந்தாலும் எடுத்த உடனே மணிக்கட்டு தானாக இரண்டு உதறு உதறும். முதல் வாரம் ஒன்று கையைவிட்டுப் பறந்து மூன்றாம் கட்டில்காரரின் சூப்பில் போய் விழுந்தது. "சூப்புக்கு நல்ல காய்ச்சல்," என்று படித்துச் சொன்னார் அவர்.

படுக்கை விரிப்பிலும் அப்படித்தான். நாலு மூலையும் கத்தி வைத்துக் கீறினது போல மடிப்பு. வீட்டிலும் அதே மடிப்பு, பதினெட்டு வருடமாக. "ராத்திரி கால் உள்ள போக மாட்டேங்குது. கவர்ல கடுதாசியப் போட்டு ஒட்டற மாதிரி என்னையப் போட்டு ஒட்டிடறா," என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

கம்ப்யூட்டரோடு மட்டும் அவளுக்கு ஒத்துப்போகவில்லை. ஒரே விரலால், கதவைத் தட்டுவது போலத் தட்டுவாள். "தொட்டா போதும்க்கா, அது திறந்துடும்," என்று சொல்லிக்கொடுப்பவள் வார்டின் இன்சார்ஜ். வயது முப்பத்தொன்று. புது சிஸ்டர் லீவு சொல்லிவிட்டுப் போன வருடம் அந்தப் பெண் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். மேடம் என்று கூப்பிட்டால் அவளுக்குக் கூச்சம். பெயர் சொன்னால் இவளுக்குக் கூச்சம். கடைசியில் 'இன்சார்ஜ்ம்மா' என்று ராசியானார்கள். அவள் கையெழுத்தில்தான் அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் மாட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வரி, நாற்பது வேலை. ஒவ்வொன்றையும் செய்து காட்டினால் இன்சார்ஜ் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். நாற்பதும் நிரம்பினால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. வயது வரம்பைப் பார்த்தால் புது சிஸ்டருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

இரண்டரை மாதத்தில் முப்பத்தொன்பது வரி நிரம்பிவிட்டது. அத்தனையும் ஒரே மூச்சில். அவள் நடையே ஓட்டம்தான்.

அது பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் கைகால்களை மறுபடி பழக்கிக்கொள்ளும் வார்டு. பன்னிரண்டு கட்டில். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாள் தொங்கும். எழுந்து உட்கார எத்தனை நிமிடம், பல் தேய்க்க எத்தனை, சட்டை போட எத்தனை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். தினம் காலையில் நோயாளி தானாகவே செய்ய விட்டு, பக்கத்தில் நின்று நேரம் பார்த்து எழுதுவதற்கான தாள் அது. இதை இன்சார்ஜ் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் முதல் நாள் சொன்னவை இதையும் சேர்த்து எழுபது. அதில் மூன்று கம்ப்யூட்டர் கடவுச்சொல். புது சிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் முன்பு வேலை பார்த்தது அறுவை சிகிச்சை வார்டு. அங்கே நோயாளி படுத்திருப்பார், நர்ஸ் செய்வாள். அதன் பிறகு பார்த்தது மாமனாரை. அங்கேயும் அதே கதைதான்.

ஏழாம் கட்டிலில் சாவிக்காரர் இருந்தார். மார்க்கெட் முனையில் ஒரு மேசை, ஒரு அரம், சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடியோடு ஆரம்பித்து, அதே முனையில் சொந்தக் கடை கட்டிய மனிதர். அறுபத்து மூன்று வயது. தொலைத்த சாவிக்கு மாற்று செய்வதில் அவருக்கு அடுத்துத்தான் மற்றவர்கள். வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு மட்டும் சேதாரமில்லாமல் தப்பித்தது. கால் ஓரளவு தேறிக் கோலூன்றி நடந்தார். விரல்கள்தான் பாக்கி. அஞ்சு பட்டன் வைத்த சட்டையைத் தானே போட்டுக்கொண்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது வார்டின் கணக்கு.

அதுவரை மருந்தும் ஊசியுமாக இருந்த புது சிஸ்டர், அந்தப் பக்கத்துக் காலை வேலைக்கு மாற்றப்பட்ட அன்றுதான் ஏழாம் கட்டிலின் தாளில் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்தாள். சட்டை: இருபத்தெட்டு நிமிடம். இருபத்தேழு. இருபத்தைந்து. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு சட்டைக்கு இருபத்தஞ்சு நிமிஷமா! அந்த நேரத்துல நான் பாதி வார்டை முடிச்சிருப்பேனே," என்று அன்று மாலை கணவரிடம் அங்கலாய்த்தாள். "சின்னப் பொண்ணுங்க. கை ஓடல, பாவம்." மறுநாள் காலை சாவிக்காரரிடம் போய், "குடுங்கய்யா," என்று சட்டையை வாங்கி, இழுத்துக்கொண்ட கையை முதலில் நுழைத்து, வலிக்காமல் தோளைத் தூக்கி, பட்டன் ஐந்தையும் கீழிருந்து மேலே டக் டக்கென்று பூட்டிவிட்டாள். அப்படி ஒரு கை வித்தை அது. குனிந்து கடிகாரத்தைப் பார்த்தாள். தாளில் எழுதினாள்: ஒரு நிமிடம்.

பதினோரு காலைகள் அவளுக்கு அந்தப் பக்கம்தான் வேலை. பத்து முறை ஒன்று என்று எழுதினாள். நடுவில் ஒரு நாள் அவளுக்கு ஓய்வு. அன்று மட்டும் இருபத்து நாலு. அதைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

சாவிக்காரருக்கும் இது பிடித்துப்போனது. "மத்தவங்க சட்டையக் குடுத்துட்டு சிலை மாதிரி நிப்பாங்க. நீங்கதான் சிஸ்டர் மனுஷி," என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் மனைவி, பார்வை நேரத்தில் வருகிறவர், புது சிஸ்டருக்கென்று தனியாக ஆப்பிள் நறுக்கிக் கொண்டுவந்தார்.

பிசியோதெரபி பார்க்கிற தம்பி கல்யாண லீவு முடிந்து திரும்பி வந்தான். ஏழாம் கட்டிலின் தாளை எடுத்தான். லீவுக்குப் போகும்போது இருபத்தைந்து, வந்து பார்த்தால் ஒன்று. "ஐயா! நான் கல்யாணம் பண்ணிக்கிட்டதுல உங்களுக்கு இவ்வளவு முன்னேற்றமா!" என்று குதித்து, வெள்ளிக்கிழமையே சோதனை, சோதனை முடிந்ததும் வீடு என்று சொல்லிவிட்டான். சாவிக்காரர் வீட்டில் கட்டில் தயாரானது. மருமகன் கார் ஏற்பாடு செய்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கடைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாகக்கூடச் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலைச் சுற்றி நாலு பேர். பிசியோ தம்பி சட்டையைச் சாவிக்காரர் மடியில் வைத்தான். "ம், போடுங்கய்யா."

சாவிக்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். இரண்டு கையையும் உடம்பிலிருந்து லேசாக விலக்கி வைத்துக்கொண்டு, புது சிஸ்டரைப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகக் காத்திருக்கும் பிள்ளை அம்மாவைப் பார்க்கிற பார்வை.

"என்னய்யா அங்க பாக்கறீங்க? சட்டை மடியில இருக்கு."

"தெரியுது தம்பி. சிஸ்டர் வருவாங்கல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. இன்சார்ஜ் தாளை எடுத்து மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தாள். புது சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. காது நுனி வரை சூடேறியது. அந்தக் கட்டம் நர்ஸுக்குப் போட்டது இல்லை. இருபத்தைந்து நிமிடம் நின்றவர்களுக்குக் கை ஓடாமல் இல்லை.

சாவிக்காரர் முயன்று பார்த்தார். கையை நுழைக்கவே பத்து நிமிடம். முதல் பட்டன் விரலிடுக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. நெற்றி வேர்த்தது. கடைசியில் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே நின்ற கார் காலியாகத் திரும்பிப் போனது.

துணிகள் அடுக்கும் அறையில் இன்சார்ஜ் கதவைச் சாத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் புது சிஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நானும் தினம் தாளைப் பாத்திருக்கணும்க்கா. அது என் தப்பு. ஆனா இதுக்கு நான் எப்படி கையெழுத்துப் போடுவேன்?" பச்சைப் புத்தகத்தில் நாற்பதாம் வரியைத் தொட்டுக் காட்டினாள். நோயாளி தன் வேலையைத் தானே செய்ய உடனிருத்தல்.

"நான் ஏமாத்தலம்மா."

"ஐயோ, அது தெரியாதா எனக்கு? உங்க கை நல்ல கைக்கா. அதுதான் தொந்தரவே."

புது சிஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கைதான் பதினோரு வருஷம் ஒருத்தரைப் புண்ணில்லாம வச்சிருந்தது."

"அவர் எந்திரிக்க மாட்டார்னு தெரிஞ்சு செஞ்சீங்க. அது சரி. இவர் எந்திரிக்கப் போறவர்க்கா." இன்சார்ஜ் புத்தகத்தை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "உங்க மூணு மாசம் அடுத்த வெள்ளிக்கிழமை முடியுது. அன்னைக்குக் காலையில நான் வந்து நிப்பேன். அவர் கையைப் பாக்க மாட்டேன். உங்க கையைத்தான் பாப்பேன்."

பிள்ளைக்குட்டிக்காரி, தலை நரைத்தவள், முப்பத்தொரு வயதுப் பெண்ணிடம் பாட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். இன்னொருத்தியாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்திருப்பாள். இவள் மூக்கைச் சிந்தினாள், கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள், எட்டாம் கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போனாள். கீழே விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு நடக்கத் தெரிந்தவர்கள்தான் உருப்படுவார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவதில்லை.

அன்று மாலை அவள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கணவர் கத்தரிக்கோலைத் தேடினார். மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி அதையே திறந்தார். கத்தரிக்கோல் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், ரேடியோவுக்குப் பின்னால் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, குளிருதா?" என்றாள் மகள்.

"இல்ல. பேசாம இரு."

ஏழு நிமிடம். கணவர் கத்தரிக்கோலைக் கண்டுபிடித்துத் திரும்பினால், மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா இது இங்க இருந்தது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் திறக்கலியா?"

"பயிற்சி."

"ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்கச் சொன்னாங்களா, இல்ல என்னைய வச்சு எடுக்கச் சொன்னாங்களா?" என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் கத்தரிக்கோல் இருக்கும் இடம் அவருக்குத் தானாகத் தெரிந்தது. அந்த வாரம் மகள் தன் உடுப்பைத் தானே இஸ்திரி போட்டாள். காலரில் ஒரு சுருக்கம். அந்தச் சுருக்கத்தோடு மகள் தெருமுனை வரை போவதை ஜன்னலில் நின்று பார்த்தபோது, புது சிஸ்டருக்குப் பாதி உயிர் போனது. கூப்பிடவில்லை.

வார்டில் அது அத்தனை சுலபமில்லை. சனிக்கிழமை காலை சட்டையைக் கொண்டுபோய் மடியில் வைத்துவிட்டு நின்றாள். சாவிக்காரர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"முந்தாநேத்து வரைக்கும் போட்டு விட்டீங்க. இன்னைக்கு என்ன, சட்டை சுடுதா?"

"என் கைக்கு லீவுங்கய்யா. உங்க கைதான் ட்யூட்டி."

"நல்லா இருக்கே! நான் நோயாளி."

"நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க பத்து நாளை நான் எடுத்துக்கிட்டேன். திருப்பிக் குடுக்கத்தான் நிக்கறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் ஒருத்தி 'தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. வேறு எந்தப் பெரிய ஆள் சொல்லியும் கேட்டிருக்க மாட்டார். சட்டையை இடது கையால் இழுத்தார். அன்று முப்பத்தொரு நிமிடம். அதில் பத்து நிமிடம் வசவு. பட்டனை, பட்டன் தைத்தவனை, பட்டனைக் கண்டுபிடித்தவனின் வம்சத்தை எல்லாம் வரிசையாகத் திட்டினார். புது சிஸ்டர் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒரு விரலை இன்னொரு விரலால் கிள்ளிக்கொண்டு நின்றாள். நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பன்னிரண்டு கட்டிலையும் தனியாளாக விரித்தால்கூட இப்படி முதுகு வேர்க்காது.

திங்கட்கிழமை சாவிக்காரரின் மனைவி காலையிலேயே வந்துவிட்டார். கணவர் மூன்றாம் பட்டனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். பொறுக்கவில்லை, கையை நீட்டினார். புது சிஸ்டர் குறுக்கே ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"வேணாம்மா."

"பாத்துக்கிட்டு சும்மா நிக்கறதுக்கு எதுக்கு ஒரு நர்ஸு? அதை நானே நிப்பேனே!"

"நிப்பீங்களா?" என்று கேட்டாள் புது சிஸ்டர். கிண்டலாகக் கேட்கவில்லை. "இவர் வீட்டுக்கு வந்தப்புறம் தினம் நீங்கதான் நிக்கணும். இருபது நிமிஷம், கையைக் கட்டிக்கிட்டு. வாங்க, இப்பவே நின்னு பாருங்க. எனக்கே வரல. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம்."

அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சாவிக்காரர் தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தார். "இங்க ஒரு சிலை போதாதுன்னு வீட்டுலேர்ந்து இன்னொண்ணா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த நேரத்தில் மூன்றாம் பட்டன் உள்ளே போனது.

திங்கள் இருபத்தாறு. செவ்வாய் இருபத்து மூன்று. புதன்கிழமை ஒரு பட்டனைக் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து பிடித்தன. அது அரத்தால் ராவும்போது சாவியைப் பிடிக்கிற பிடி என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். பத்தொன்பது. வியாழன் பதினேழு. ஒவ்வொன்றையும் தாளில் எழுதும்போது புது சிஸ்டருக்கு ஒரு சந்தோஷம். அதைக் கணவரிடம்கூட அளக்க முடியவில்லை. அவள் செய்தது ஒன்றுமில்லையே. "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று கேட்டால், "நின்னேன்," என்பாள்.

வெள்ளிக்கிழமை இன்சார்ஜ் பச்சைப் புத்தகத்தோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிசியோ தம்பி வேறு நோயாளியோடு இருந்தான், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றான். சாவிக்காரரின் மனைவி ஜன்னலோரம். சாவிக்காரர் ஆரம்பித்தார்.

இழுத்த கை முதலில். பிறகு நல்ல கை. காலரைப் பல்லால் கவ்வி இழுத்துச் சரி செய்துகொண்டார். அது அவர் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் வம்பு செய்தது. நான்கு. ஐந்து. குனிந்த தலையை நிமிர்த்தி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "முடிஞ்சது!" என்றார்.

பதினான்கு நிமிடம். ஆனால் சட்டையின் ஒரு பக்கம் மேலே ஏறி, மறு பக்கம் கீழே தொங்கியது. முதல் பட்டனே இரண்டாவது துளைக்குப் போய்விட்டிருந்தது. பின்னால் வந்தவையெல்லாம் அதன் வழியே போயிருந்தன, துளை மிச்சமில்லாத கடைசி பட்டன் சட்டை விளிம்பிலேயே செருகிக்கிடந்தது.

"ஐயோ..." என்று மனைவி எழுந்தார். எழுந்தவர், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

புது சிஸ்டரின் வலது கை எழும்பிவிட்டது. இடுப்பு உயரம் வரை வந்தது. அவளுக்கு எட்டு நொடி வேலை அது. இன்சார்ஜின் கண் அந்தக் கையின் மேல் இருந்தது. கை அங்கேயே நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது.

"ஐயா, கீழ பாருங்க," என்றாள்.

அவர் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அட! ஊருக்கெல்லாம் பூட்டு பாத்து சாவி போட்டவன், என் சட்டையில ஓட்டைய மாத்திட்டேனா?" என்றார். விரல்கள் கடைசி பட்டனைப் பிடித்தன. பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். "எல்லாத்தையும் அவுத்துட்டு முதல்லேர்ந்து போடணும் சிஸ்டர். நேரமாகுமே. உங்களுக்கு இன்னும் பதினோரு கட்டில் இருக்கே."

இன்சார்ஜ் பேனாவின் மூடியைக் கழற்றினாள். புது சிஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, அந்த வார்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வேலை நேரத்தில் உட்கார்ந்தாள்.